ஜிசிசி இருக்கு, ஆனா ஓட மாட்டேங்குது

பொங்கலுக்கு ஊருக்கு போயிருந்தப்ப சித்தி பொண்ணு லேப்டாப்ப தூக்கிட்டு வந்து திண்ணையில உக்காந்துட்டா. செகண்ட் இயர் படிக்கிறா, லீவு முடிஞ்சு போனதும் சி ப்ரோக்ராமிங் லேப் டெஸ்ட். "அண்ணே, ஜிசிசிய மூணு தடவ அன்இன்ஸ்டால் பண்ணி மறுபடி போட்டுட்டேண்ணே, எர்ரரும் வரல, எக்ஸ்இயும் வரல, என்னன்னே தெரியல"ன்னா. ஜிசிசிங்கிறது நம்ம எழுதுற சி கோட ஓட்டுறதுக்கான எக்ஸ்இ ஃபைலா மாத்திக் குடுக்கிற கம்பைலர். மூணு தடவையும் ஃபோன் டேட்டால டவுன்லோட் பண்ணிருக்கா, தினம் கெடைக்கிற ஒன்றரை ஜிபி அதுலயே தீந்து போயிருக்கு. அவ மொகத்த பார்த்தா இது தனக்கு வராதுன்னு முடிவு பண்ணிட்ட மாதிரி இருந்துச்சு. எனக்கு அதுதான் பொறுக்கல.

ஏன்னா இந்த மொகத்த நான் நெறைய பார்த்திருக்கேன். சி படிக்கிறது கஷ்டம்னு சொல்ற பசங்கள்ல பாதிப்பேரு சி-யவே இன்னும் தொடல, அதுக்கு முன்னாடி கம்பைலர் செட்டப்லயே மாட்டிக்கிட்டு நிக்கிறாங்க. பாயின்டர் புரியலன்னா வாத்தியார்ட்ட கேக்கலாம், பாத் வேரியபிள்னு ஒண்ணு இருக்கு, ப்ரோக்ராமுங்கள எந்தெந்த ஃபோல்டர்ல தேடணும்னு விண்டோஸுக்கு சொல்ற லிஸ்ட், அது எந்த சிலபஸ்லயும் கெடையாது, அத யாரும் வகுப்புல சொல்லித்தர மாட்டாங்க, எல்லாரும் யாரோ ஒருத்தர் பக்கத்துல உக்காந்து காட்டித்தான் கத்துக்கிட்டோம், பக்கத்துல ஆள் இல்லாதவங்க அப்படியே விட்டுட்டு போயிடுறாங்க.

சரி, மொதல்ல கமாண்ட் ப்ராம்ப்ட்ட தொறந்து ஜிசிசி வெர்ஷன் கேட்டேன். டக்குனு பதில் வந்துச்சு. பாத்ல பிரச்சனையே இல்லன்னு யாரும் சொல்லிடுவாங்க, அவளும் அப்படித்தான் நம்பிட்டு இருந்தா, பார்த்த வீடியோ எல்லாத்துலயும் "வெர்ஷன் வந்தா எல்லாம் சரி"ன்னுதான் சொல்லிருக்காங்க. அடுத்து ஹலோ டாட் சி-ய கம்பைல் பண்ணச் சொன்னேன். கர்சர் ஒரு செகண்ட் நின்னுச்சு, அடுத்த வரிக்கு வந்துருச்சு, அவ்வளவுதான். ஃபோல்டர்ல புதுசா எதுவும் இல்ல. எர்ரர் வந்தாலாவது அதப் புடிச்சுத் தேடலாம், ஒண்ணுமே சொல்லலன்னா எதத் தேடுறது?

இந்த மாதிரி நேரத்துல நான் மொதல்ல பாக்கிறது எர்ரர்லெவல். கம்பைல் பண்ணின உடனே எக்கோ போட்டு, ரெண்டு பர்சென்ட் குறிக்கு நடுவுல எர்ரர்லெவல்னு அடிச்சா போன கமாண்ட் எந்த நம்பரோட முடிஞ்சதுன்னு காட்டும். பூஜ்யம்னா நல்லபடியா முடிஞ்சதுன்னு அர்த்தம். இங்க 1 வந்துச்சு. ஆக கம்பைலர் தோத்திருக்கு, ஏன்னு மட்டும் வாயத் தொறக்கல. அடுத்ததா ஜிசிசிக்கு மைனஸ் வி சேத்து அதே ஃபைல மறுபடி ஓட்டினேன். இப்படி ஓட்டினா ஜிசிசி உள்ளுக்குள்ள யார யாரக் கூப்பிடுதுன்னு வரிசையா சொல்லிட்டே வரும். திரையில நெறைய ஓடுச்சு, கடைசியா சிசி1 டாட் எக்ஸ்இ-ய கூப்பிடுற வரியோட நின்னுருச்சு.

இங்க ஒரு விஷயம் சொல்லணும். ஜிசிசின்னு நம்ம அடிக்கிறது நெஜமான கம்பைலர் இல்ல, அது ஒரு மேஸ்திரி மாதிரி. சி கோட அசெம்ப்ளியா மாத்துற வேலைய செய்றது சிசி1, அசெம்ப்ளிய ஆப்ஜெக்டா மாத்துறதுக்கு தனி ஆளு, லிங்க் பண்றதுக்கு தனி ஆளு. மேஸ்திரி பின் ஃபோல்டர்ல உக்காந்திருக்காரு, சிசி1 இருக்கிறது லிப்ங்கிற ஃபோல்டருக்குள்ள மூணு ஃபோல்டர் ஆழத்துல. அவ போட்டிருந்த எம்சிஸ்2ங்கிற தொகுப்போட கம்பைலர்ல சிசி1-க்கு ஓடுறதுக்கு சில டிஎல்எல் ஃபைலுங்க, அதாவது பல ப்ரோக்ராமுங்க பொதுவா எடுத்துக்கிற கோட் ஃபைலுங்க வேணும், பெரிய நம்பர் கணக்குக்கு ஜிஎம்பி, எம்பிஎஃப்ஆர், கம்ப்ரஷனுக்கு ஜீலிப் இப்படி. அது எல்லாமே பின் ஃபோல்டர்லதான் இருக்கு. விண்டோஸ் ஒரு ப்ரோக்ராமுக்கு டிஎல்எல் தேடும்போது மொதல்ல அந்த எக்ஸ்இ இருக்கிற ஃபோல்டர்ல பாக்கும், அப்புறம் விண்டோஸோட சொந்த ஃபோல்டர்ங்கள்ல பாக்கும், நம்ம நிக்கிற ஃபோல்டர்ல பாக்கும், கடைசியாதான் பாத்ல உள்ள ஃபோல்டர்ங்கள வரிசைப்படி பாக்கும். மேஸ்திரிக்கு வேணுங்கறது அவரு இருக்கிற ஃபோல்டர்லயே இருக்கு, அதனால வெர்ஷன் கேட்டா ஜம்முனு பதில் சொல்லுவாரு. சிசி1-க்கு அப்படி இல்ல, அது பாத்த நம்பித்தான் இருக்கு.

இப்ப சிசி1 இருக்கிற ஃபோல்டருக்கே போயி அத டபுள் கிளிக் பண்ணினேன். வந்துச்சு பாப்அப், ஜீலிப்1 டிஎல்எல்ல சிசி1 தேடுற ஒரு ஃபங்ஷனோட என்ட்ரி பாயின்ட் இல்லன்னு. ஃபைல் இல்லன்னு சொல்லல, ஃபைல் கெடச்சிருக்கு, ஆனா அது இதுக்கானது இல்ல, வேற எவனோடதோ பழைய ஜீலிப்ப எடுத்துக்கிட்டு வந்திருக்கு. ஜிசிசி கூப்பிடும்போது ஏன் இந்தப் பாப்அப் வரலன்னா, எல்லா மெஷின்லயும் அது வர்றதில்ல, நெறைய பேருக்கு இப்படி ஊமையாத்தான் போகுது.

"உன் பாத்ல உன் கம்பைலருக்கு முன்னாடி என்னமோ உக்காந்திருக்கு"ன்னு சொன்னேன். "இல்லண்ணே, நான் மேல தூக்கி வச்சுட்டேன், மொதல் வரியே இதுதான்"னு பாத் மாதிரி செட்டிங்ஸ் எல்லாம் இருக்கிற என்விரான்மென்ட் வேரியபிள் டப்பாவ தொறந்து காமிச்சா. நெஜமாவே யூசர் வேரியபிள்ஸ்ல மொதல் வரியில அவ ஃபோல்டர்தான் இருந்துச்சு. இது நெறைய பேருக்கு தெரியாத இடம், அதனால கொஞ்சம் நின்னு சொல்றேன். அந்த டப்பால மேல யூசர் பாத் ஒண்ணு, கீழ சிஸ்டம் பாத் ஒண்ணு இருக்கும். விண்டோஸ் ரெண்டையும் ஒட்டும்போது சிஸ்டம் பாத்ததான் முன்னாடி வைக்கும், யூசர் பாத் அதோட வால்ல போயி ஒட்டும். திரையில யூசர் மேல இருக்கிறதால அதுதான் முன்னாடின்னு தோணும், உண்மை நேர்மாறு. நீ யூசர் லிஸ்ட்ல எவ்வளவு மேல தூக்கினாலும் சிஸ்டம் லிஸ்ட்ல கடைசியா இருக்கிறதுக்கும் பின்னாடிதான் நிப்ப. அவளோட சிஸ்டம் பாத்ல எப்பவோ போட்டு மறந்து போன ஒரு சாஃப்ட்வேரோட ஃபோல்டர் இருந்துச்சு, அதுக்குள்ளதான் அந்த பழைய ஜீலிப்1. மூணு தடவ கம்பைலர அன்இன்ஸ்டால் பண்ணி போட்டாலும் அந்த வரி அசையாம அங்கயேதான் இருந்திருக்கும், அதனாலதான் ரீஇன்ஸ்டால் பண்ணாத பண்ணாதன்னு எல்லார்ட்டயும் கெஞ்சிட்டு இருக்கேன்.

உடனே அந்த வரிய அழிக்கல. சந்தேகத்த மொதல்ல நிரூபிக்கணும். ஒரு கமாண்ட் ப்ராம்ப்ட்ல செட் கமாண்ட் போட்டு பாத்துக்கு வெறும் ரெண்டே ஃபோல்டர் குடுத்தேன், அவ கம்பைலரோட பின், அப்புறம் விண்டோஸ் சிஸ்டம்32. செட்ல மாத்தினது அந்த ஒரு ஜன்னலோட போயிடும், மூடினா பழையபடி ஆயிடும், எதுக்கும் சேதாரம் கெடையாது. அந்த ஜன்னல்லயே கம்பைல் பண்ணினா ஏ டாட் எக்ஸ்இ வந்து விழுந்துச்சு. அவ "அண்ணே!"ன்னு கத்தினதுல சித்தி அடுப்படியில இருந்து ஓடி வந்துட்டாங்க.

அதுக்கப்புறம்தான் சிஸ்டம் பாத் மொத்தத்தையும் ஒரு நோட்பேட் ஃபைல்ல எடுத்து வச்சுட்டு அந்த வரிய தூக்கினோம். எடுத்து வைக்கிறத மட்டும் தயவுசெஞ்சு யாரும் விட்றாதீங்க, காரணம் பின்னால சொல்றேன்.

தூக்கிட்டு ஓகே குடுத்தாச்சு, அவ கோட் எழுதுற விஎஸ் கோட் எடிட்டரோட டெர்மினல்ல ஓட்டினா, மறுபடி அதே ஊமை. மொகம் வாடிப்போச்சு. இங்கதான் என்விரான்மென்ட் வேரியபிளோட உயிர்நாடியான விஷயம் வருது. ஒரு ப்ரோக்ராம் பொறக்கும்போது அத பெத்த ப்ரோக்ராம் தன்கிட்ட இருக்கிற வேரியபிள் எல்லாத்தையும் ஒரு நகல் எடுத்து கையில குடுத்து அனுப்பும். ஊருக்கு போற பிள்ளை கையில அட்ரஸ் சீட்டு எழுதி குடுத்து விடுற மாதிரி. பிள்ளை பஸ் ஏறின அப்புறம் வீட்ல இருக்கிற டைரில அட்ரஸ மாத்தி எழுதினா அவன் கையில இருக்கிற சீட்டு மாறுமா? விஎஸ் கோட் காலைலயே தொறந்தது, அது கையில பழைய சீட்டு, அதுக்குள்ள எத்தன புது டெர்மினல் தொறந்தாலும் எல்லாத்துக்கும் பழைய சீட்டோட நகல்தான் கெடைக்கும். டெர்மினல மட்டும் மூடினா பத்தாது, விஎஸ் கோடோட எல்லா ஜன்னலையும் மூடிட்டு ஸ்டார்ட் மெனுல இருந்து புதுசா தொறக்கணும். தொறந்தோம், ஓடுச்சு. டப்பால ஓகே குடுக்கும்போது விண்டோஸ் "மாறிருச்சு"ன்னு எல்லாருக்கும் ஒரு சேதி அனுப்பும், எக்ஸ்ப்ளோரர் அத கேட்டு தன் சீட்ட புதுப்பிச்சுக்கும், அதனாலதான் ஸ்டார்ட் மெனு வழியா தொறக்கிறதுக்கு புதுசு கெடைக்குது. பல பேரு ரீஸ்டார்ட் பண்ணினா சரியாயிடும்னு சொல்றதோட ரகசியமும் இதான், ஆனா ரீஸ்டார்ட் அளவுக்கு போகத் தேவையில்ல. இன்னொண்ணு, அந்த டப்பாவ ஓகே குடுத்துதான் மூடணும், மேல இருக்கிற எக்ஸ் குறிய அமுக்கி மூடினா மாத்தினது எல்லாம் போச்சு.

இது ஒண்ணும் விண்டோஸ் கண்டுபிடிச்ச வழக்கம் இல்ல. 1979-ல வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்புலயே இந்த என்விரான்மென்ட், பெத்தவங்கட்ட இருந்து நகலா வாங்குறது எல்லாம் வந்துருச்சு. எம்எஸ்-டாஸுக்கு 1983-ல ரெண்டாம் வெர்ஷன்ல பாத் வந்துச்சு. யூனிக்ஸ்ல ஃபோல்டருக்கு ஃபோல்டர் நடுவுல கோலன் போடுவாங்க, டாஸ்ல டிரைவ் எழுத்துக்கு பின்னாடி ஏற்கனவே கோலன் வர்றதால செமிகோலன் ஆச்சு. நாப்பது வருஷத்துக்கு மேல ஆகியும் பசங்க இன்னும் அந்த செமிகோலன்ல தடுக்கி விழுந்துட்டு இருக்காங்க. விண்டோஸ் 8.1 வரைக்கும் அந்த நீள வரிய ஒரு சின்னூண்டு கட்டத்துக்குள்ள திருத்தணும், விண்டோஸ் 10-ல ஒரு வரிக்கு ஒரு ஃபோல்டர்னு லிஸ்ட் வந்தது உண்மையிலேயே பெரிய நிம்மதி.

எந்த ஜிசிசி ஓடுதுன்னு கண்டுபிடிக்க வேர் கமாண்ட் இருக்கு, வேர் ஜிசிசின்னு அடிச்சா பாத்ல எத்தன ஜிசிசி இருக்கோ அத்தனையும் வரிசையா வரும், மொதல் வரிதான் ஓடுற ஆளு. ஆனா விண்டோஸோட இன்னொரு கமாண்ட் ஜன்னலான பவர்ஷெல்ல அப்படியே அடிச்சா ஒண்ணுமே வராது, ஏன்னா அங்க வேர்ங்கிறது வேற ஒரு கமாண்டோட செல்லப்பேரு, லிஸ்ட வடிகட்டுறதுக்கு உள்ளது. வேர் டாட் எக்ஸ்இ ஜிசிசின்னு முழுசா அடிக்கணும். இது தெரியாம "ஜிசிசியே இல்லபோல"ன்னு முடிவு கட்டினவங்க எத்தனையோ பேரு, விஎஸ் கோட் விண்டோஸ்ல வழக்கமா தொறக்கிறதே பவர்ஷெல்தான்.

இப்ப எடுத்து வைங்கன்னு சொன்ன காரணம். 2014, கோயம்புத்தூர்ல மொத வேலை, சேர்ந்து ரெண்டு மாசம்தான் இருக்கும். ஒரு டூல பாத்ல சேக்கணும், வேரியபிள நிரந்தரமா மாத்துற செட்எக்ஸ் கமாண்ட்ல பாத்துக்கு பழைய பாத்தையும் புது ஃபோல்டரையும் ஒட்டி குடுன்னு எங்கயோ படிச்சத அட்மின் உரிமையோட சிஸ்டம் பாத்துக்கே அடிச்சுட்டேன். செட்எக்ஸ் 1024 எழுத்துக்கு மேல இருந்தா வெட்டிரும், வெட்டிட்டேன்னு ஒரு வார்னிங்கும் குடுக்கும், ஆனா வார்னிங் வரும்போது வெட்டி முடிச்சிருக்கும். அதோட கமாண்ட் ப்ராம்ப்ட்ல தெரியிற பாத்ங்கிறது சிஸ்டமும் யூசரும் ஒட்டினது, அத அப்படியே சிஸ்டத்துல எழுதினா ஏற்கனவே நீளமா இருக்கிறது இன்னும் நீளும், அப்ப வெட்டு விழத்தான் செய்யும். வால்ல இருந்த டேட்டாபேஸ் டூலு, ஜாவா, வெர்ஷன் கண்ட்ரோல் எல்லாம் காணோம். பழைய பாத் என்னன்னு எனக்கு மனப்பாடமா தெரியும்? கையெல்லாம் வேர்த்துருச்சு. பக்கத்து சீட்ல இருந்த சீனியர் வந்து பார்த்துட்டு, "தம்பி, காலைல தொறந்த ப்ராம்ப்ட் ஏதாவது இன்னும் தொறந்திருக்கா?"ன்னு கேட்டாரு. ஒண்ணு இருந்துச்சு, எதோ பில்டு ஓட்டிட்டு மூடாம விட்டது. "அதுல பாத்னு அடி"ன்னாரு. முழுசா வந்துச்சு, ஒரு எழுத்து கொறையாம. காலைல பொறந்த அந்த ஜன்னல் கையில பழைய சீட்டு அப்படியே இருந்துச்சு. எது நம்மள மணிக்கணக்குல அலைய விடுதோ அதுவேதான் அன்னைக்கு என் வேலைய காப்பாத்துச்சு. அதுல இருந்து பாத்த தொடுறதுக்கு முன்னாடி அத ஒரு ஃபைல்ல எடுத்து வைக்காம நான் எதுவும் செய்றதில்ல, செட்எக்ஸ பாத்துக்கு யாரையும் தொட விடுறதும் இல்ல.

பாத் மட்டும்தான் பிரச்சனைன்னு நெனைக்க வேண்டாம். எனக்கு ரொம்ப மனசுக்கு நெருக்கமான கேஸ் இன்னொண்ணு இருக்கு. தெருவுல ஒரு பையன், பத்தாவது படிக்கிறான், தன் ஆசையில சி கத்துக்கணும்னு வந்தான். அவன் லேப்டாப்ல விண்டோஸ் அக்கவுண்டுக்கு தன் பேர தமிழ்லயே வச்சிருந்தான், அதனால அவனோட யூசர் ஃபோல்டரே தமிழ் எழுத்துல இருந்துச்சு, பார்க்கவே அழகா இருந்துச்சு. கம்பைல் பண்ணினா எர்ரர், அந்த எர்ரர்ல அவன் பேரு இருக்க வேண்டிய எடத்துல வெறும் கேள்விக்குறியா வரிசை. ஜிசிசி வேல செய்யும்போது நடுவுல டெம்பரரி ஃபைலுங்க எழுதும், எங்க எழுதணும்னு டிஎம்பி, டெம்ப்ங்கிற வேரியபிள்ங்கள பார்த்து தெரிஞ்சுக்கும், அது ரெண்டும் வழக்கமா யூசர் ஃபோல்டருக்குள்ளதான் காட்டும். விண்டோஸ் உள்ளுக்குள்ள யூனிகோட்லதான் எல்லாத்தையும் வச்சிருக்கு, ஆனா அவன் போட்டிருந்த பழைய ஜிசிசி அத பழைய பாணி கோட்பேஜ், அதாவது மொழிக்கு மொழி தனியா இருக்கிற எழுத்து அட்டவணை வழியா கேக்குது. ரஷ்யனுக்கு, கிரீக்குக்கு எல்லாம் அப்படி ஒரு கோட்பேஜ் உண்டு, தமிழுக்கு விண்டோஸ்ல அது கெடையவே கெடையாது, தமிழ் அங்க யூனிகோட்ல மட்டும்தான் இருக்கு. அதனால ஒவ்வொரு எழுத்தும் கேள்விக்குறி ஆயிடுது, கேள்விக்குறி விண்டோஸ்ல ஃபைல் பேர்லயே வரக்கூடாத எழுத்து. ஃபோல்டர் எப்படி கெடைக்கும்?

அக்கவுண்ட் பேர செட்டிங்ஸ்ல மாத்தினாலும் ஃபோல்டர் பேரு மாறாது, புது அக்கவுண்ட் தொறக்கச் சொல்லி இங்கிலீஷ்ல பேர் வைன்னு சொல்றதுதான் எல்லாரும் குடுக்கிற தீர்வு. எனக்கு அத சொல்ல வாய் வரல. தன் பேர தன் மொழில எழுதினதுக்கு ஒரு பையன் ஏன் விலகிப் போகணும்? சி டிரைவ்ல டெம்ப்னு ஒரு ஃபோல்டர் போட்டு, அவனோட யூசர் வேரியபிள்ஸ்ல டிஎம்பி, டெம்ப் ரெண்டையும் அங்க திருப்பி விட்டோம், அவன் எழுதுற ஃபைலுங்களையும் சி டிரைவ்லயே வேற ஒரு ஃபோல்டர்ல வச்சோம். அவன் பேரு அப்படியே இருக்கு, கம்பைலரும் ஓடுது.

இதே வேரியபிள்ங்கள யாராச்சும் தெரியாம அழிச்சுட்டாலோ, வேற ப்ரோக்ராம் வெறுங்கையோட ஜிசிசிய கூப்பிட்டாலோ, விண்டோஸ் ஃபோல்டர்ல டெம்பரரி ஃபைல் எழுத முடியல, பெர்மிஷன் இல்லன்னு ஒரு எர்ரர் வரும். அத பார்த்தா அட்மினா ஓட்டுன்னு சொல்லுவாங்க, கேக்காதீங்க. டிஎம்பி, டெம்ப் ரெண்டும் இருக்கான்னு மொதல்ல பாருங்க. எங்க எழுதுறதுன்னு யாரும் சொல்லாததாலதான் அது விண்டோஸ் ஃபோல்டர் வரைக்கும் போயி கதவ தட்டுது.

ஜாவா கத சின்னது. ஜாவா ஓடுது, அதோட கம்பைலரான ஜாவாசி இல்லைங்குதுன்னா, ஓட்டுறதுக்கு மட்டும் உள்ள ஜேஆர்இ-யோட ஃபோல்டர்தான் பாத்ல இருக்கு, கம்பைலரும் சேந்த ஜேடிகே-வோட பின் இல்ல. ஜாவா ஹோம் வேரியபிள்ல பின் ஃபோல்டர காட்டக்கூடாது, அதுக்கு ஒரு படி மேல நிக்கணும். லினக்ஸ்ல எக்ஸ்போர்ட் பாத் போடும்போது பழைய பாத்த சேக்க மறந்துட்டா ஃபைல் லிஸ்ட் காட்டுற எல்எஸ் கூட இல்லைங்கும், பதறாம அந்த டெர்மினல மூடிட்டு வேற தொறந்தா போதும், டெர்மினல் தொறக்கும்போதெல்லாம் படிக்கிற பாஷ்ஆர்சி ஃபைல்லயே எழுதிட்டீங்கன்னா மட்டும் ஸ்லாஷ் பின் ஸ்லாஷ் நானோன்னு முழு அட்ரஸோட எடிட்டர கூப்பிட்டு திருத்தணும். புது கம்பைலர் போட்டும் லினக்ஸ் டெர்மினல்ல நம்ம கமாண்ட வாங்கி ஓட்டுற பாஷ் பழசையே ஓட்டுதுன்னா அது முன்னாடி கண்டுபிடிச்ச எடத்த ஞாபகம் வச்சிருக்கு, ஹேஷ் மைனஸ் ஆர் அடிச்சா மறந்துரும்.

தங்கச்சி காலேஜுக்கு திரும்பி போயி ஒரு வாரம் இருக்கும், ராத்திரி ஒம்பதரைக்கு ஃபோன். டெஸ்ட் நல்லா எழுதினேன்னு சொல்ல கூப்பிட்டான்னு நெனச்சேன். "அண்ணே, ரூம்மேட்டுக்கும் எக்ஸ்இ வரலண்ணே, எர்ரர்லெவல் 1 காட்டுது, மைனஸ் வி போட்டா சிசி1-ல நிக்குது, வேர் டாட் எக்ஸ்இ போட்டா ரெண்டு ஜிசிசி வருது. பாத்த ஃபைல்ல எடுத்து வச்சுட்டோம். மேல இருக்கிறது எதோ பழைய கோடிங் சாஃப்ட்வேரோடது, அந்த வரிய தூக்கலாமாண்ணே?"ன்னு கேட்டா. மொதல்ல செட் போட்டு ஒரு ஜன்னல்ல மட்டும் சோதிச்சியான்னு கேட்டேன். "இருங்கண்ணே"ன்னு ஃபோன கட்டில்ல வச்சுட்டா. கீபோர்டு சத்தம் கேட்டுச்சு, கொஞ்ச நேரம் ஒண்ணும் இல்ல, அப்புறம் வேற ஒரு பொண்ணு சத்தமா சிரிக்கிறது கேட்டுச்சு.